காற்று ஒத்திவைத்த நாள்

அத்தியாயம் 7

‘மோசடிக்காரி’ என்ற வார்த்தை அந்தக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. அரசாங்கம் அப்படிப் பச்சையாகத் திட்டாது. ‘நம்பகத்தன்மை குறித்து எழுந்துள்ள ஐயங்கள்’ என்று நாலு பக்கத்துக்குச் சுற்றி வளைத்துவிட்டு, ஐந்தாம் பக்கத்தில் கழுத்தை அறுக்கும்.

லீயாண்டர் வோக்கி அந்தப் பக்கத்தை இரண்டாம் முறை படித்துவிட்டுக் கடிதத்தை மேஜை மேல் விட்டெறிந்தான். கீழே சிப்ஸ் கடையில் அன்றைய முதல் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கடலோர நகரமான செயின்ட் ஜான்ஸின் டக்வொர்த் தெருவில் அந்தக் கடைக்கு மேல் மாடிதான் துப்பறியும் அலுவலகம். எட்டு வருடமாக அவன் அங்கே உதவியாளன். அவனுடைய சட்டை ஒவ்வொன்றிலும் அந்த எண்ணெய் வாடை நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

“இன்னிக்கு ரெண்டு மணிக்கு விசாரணை. கடுதாசி வந்தது நேத்து சாயங்காலம். அவகாசம் குடுக்கறதுல இவங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது, ஸ்கிப்பர்.”

ஸ்கிப்பர், அதாவது படகுத் தலைவர், என்று அவன் கூப்பிட்டது பிரைடு கவனாவை. ஐம்பத்தெட்டு வயது அம்மாள். இன்ஷூரன்ஸுக்காக வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்ட படகுகளை முப்பது வருடம் தேடிப் பிடித்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே சும்மா இருக்கப் பிடிக்காமல் இந்த மாடியைப் பிடித்துவிட்டார். டின் பால் ஊற்றிய தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு அவர் எதிரில் நின்றவளைப் பார்த்தார்.

“உட்காரு கண்ணு.”

மார்செல்லா டிஸார்ட் உட்காரவில்லை. காலையிலிருந்து மூன்று முறை சொல்லியாகிவிட்டது. அவள் முகம் அழுத முகம் இல்லை, கொதித்த முகம்.

“நாலு பேர் கம்பெனிங்க என்னுது. நாலே பேர். குளிர்காலத்துல அலைத்தண்ணி படகு மேல தெறிச்சு அப்படியே உறைஞ்சு போகும். மேல பனி ஏற ஏற படகு தலை கனத்துக் கவுந்துரும். எந்தப் படகுக்கு எப்ப அந்த ஆபத்து வரும்னு பன்னெண்டு மணி நேரம் முன்னாடியே சொல்ற ஏ.ஐ. பண்ணிட்டிருக்கேன். நாப்பத்தொரு படகு பேர் குடுத்திருக்கு.”

“எங்க அண்ணன் படகும் அதுல ஒண்ணு” என்றான் லீயாண்டர். “அவன் எதை நம்பியும் பேர் குடுக்கற ஆளே இல்ல. கல்யாணத்துக்கே யோசிச்சுத்தான் குடுத்தான்.”

“அதைப் பழக்கறதுக்கு ராட்சதக் கணினி வேணும். அஞ்சு வாரம் ராப்பகலா ஓடணும். எங்களை மாதிரி சின்னக் கம்பெனிக்கு அதை விலைக்கு வாங்க வக்கு ஏது? அதுக்குத்தானே அரசாங்கம் இந்தத் திட்டத்தைக் கொண்டு வந்துச்சு? சின்னவங்களுக்கு அவங்க கணினியில இடம் குடுப்போம்னு. மூணு வருஷம் விண்ணப்பம் போட்டேன். மூணு வருஷமும் ஒரே பதில். ‘இடம் நிரம்பிவிட்டது.’ நாலாவது வருஷம் கிடைச்சுது. கிடைச்சு ரெண்டு வாரம்கூட ஆகல, முடக்கிட்டாங்க.”

பிரைடு கடிதத்தை எடுத்துக் கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளினார். குற்றச்சாட்டு இதுதான். கேல்கரி, வின்ட்சர், ரெஜைனா என்று மூன்று ஊர் முகவரியில் மூன்று சின்னக் கம்பெனிகள். மூன்றும் காகிதத்தில் மட்டுமே உயிர் வாழ்பவை. சின்னவர்களுக்கான கணினி நேரத்தை மூன்று வருடமாக வாங்கி, ஒரு பெரிய விளம்பர நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட்டிருக்கின்றன. அந்த நேரத்தில் தயாரானவை தொப்பி போட்ட பூனைக்குட்டிகள் சோப்பு விற்கும் படங்கள்.

“பூனைக்குத் தொப்பி மாட்டறதுக்கு இடம் இருந்திருக்கு. படகு கவுறாம இருக்க இடம் இல்ல” என்றாள் மார்செல்லா.

“அந்த மூணையும் நடத்தினது நீதான்னு சொல்றாங்க. ஆதாரம் ஒண்ணு: மூணு விண்ணப்பத்துலயும் உன் விண்ணப்பத்துல இருக்கற பத்திங்க வரிக்கு வரி அப்படியே இருக்கு. ஆதாரம் ரெண்டு...” பிரைடு நிறுத்தினார். பக்கத்தைத் திருப்பி, இணைப்பாக வந்திருந்த கணினிப் பயன்பாட்டுப் பதிவேட்டைப் பார்த்தார். மறுபடி கடிதத்தைப் பார்த்தார். “இதைப் படிச்சியா கண்ணு?”

“அஞ்சு வருஷத் தடைன்னு பார்த்ததோட எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. அதுக்கு மேல எதையும் படிக்கல.”

“நீ படிச்சியாடா?”

“அஞ்சாம் பக்கத்தை ரெண்டு தடவ படிச்சேன். கழுத்தை அறுக்கற இடம் அதுதானே.”

“நாலாம் பக்கத்தைப் படி. சத்தமா.”

லீயாண்டர் படித்தான். “‘மேற்படி மூன்று கம்பெனிகளும் இவ்வாண்டு கோடையில் ஒரே ஒரு வேலை நாளில் மட்டும் கணினியைத் தொடவில்லை. அது ஆகஸ்ட் 6, புதன்கிழமை. அன்று கேல்கரியிலோ வின்ட்சரிலோ ரெஜைனாவிலோ விடுமுறை இல்லை. நாட்டிலேயே அன்று விடுமுறை கொண்டாடிய ஒரே நகரம் செயின்ட் ஜான்ஸ். ரெகாட்டா படகுப் போட்டி நாள். எனவே, இவற்றை இயக்கியவர் செயின்ட் ஜான்ஸ்வாசியே என்பது...’”

அவன் குரல் பாதியில் நின்றது.

“ஆறாம் தேதி புதன்கிழமை நீ எங்கே இருந்தே, லீயாண்டர்?” என்றார் பிரைடு.

“இங்கதான். இதே நாற்காலியில. மண்டை பிளக்கற தலைவலியோட.”

“ஏன் தலைவலி?”

“மறுநாள் போட்டி, லீவுன்னு நம்பி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு பீர் குடிச்சேன். காலைல ரேடியோவைத் திருப்பினா, ‘ஏரியில காத்து அதிகம், இன்னிக்குப் போட்டி கிடையாது’ன்னுட்டாங்க. ஊரே தலையைப் பிடிச்சுக்கிட்டு வேலைக்குப் போச்சு. போட்டி நடந்தது மறுநாள்தான். வியாழக்கிழமைதான் லீவு!”

மார்செல்லா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு வந்த சிரிப்பு.

“புதன்கிழமை நாங்க நாலு பேரும் ஆபீஸ்லதான் இருந்தோம். ஊர்ல எல்லாரும்தான் இருந்தாங்க!”

இந்த ஊரில் அந்த ஒரு விடுமுறையைக் காலண்டர் தீர்மானிப்பதில்லை. விடியற்காலையில் கிடி விடி ஏரிக்கரையில் நாலு பேர் நின்று காற்றைப் பார்த்துச் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் வங்கி திறப்பதா மூடுவதா என்றே முடிவாகும். முந்தின நாளே காற்றை நம்பிக் குடித்துவிட்டு ஏமாந்து போகாதவன் இந்த ஊர்க்காரனே இல்லை.

“யாரோ ஒரு வெளியூர்க்காரன் தலைநகர் ஒட்டாவாவுல உட்கார்ந்துக்கிட்டு காலண்டரைப் பார்த்திருக்கான்” என்றான் லீயாண்டர். “‘ஆகஸ்ட் முதல் புதன், ரெகாட்டா’ன்னு போட்டிருக்கும். உங்க தலையில கட்டணும்னு பதிவேட்டுல அந்த நாளை வெட்டி எடுத்திருக்கான். அவ்வளவுதான் ஸ்கிப்பர், கேஸ் முடிஞ்சுது! கீழே போய் சிப்ஸ் சொல்லட்டுமா?”

“சொல்லாதே. இது பத்தாது.”

“ஏன் பத்தாது?”

“‘அவளும் காலண்டரைப் பார்த்து முன்கூட்டியே கணினிக்குச் சொல்லி வச்சிருப்பா’ம்பாங்க. விசாரணை நடத்த ஒட்டாவாவுல இருந்து வந்திருக்கிற அம்மாவுக்கு இந்த ஏரியும் தெரியாது, காத்தும் தெரியாது. இது இவ பண்ணலைன்னு காட்டினா பத்தாது. யார் பண்ணினதுன்னு காட்டணும்.” பிரைடு மார்செல்லாவிடம் திரும்பினார். “உன் விண்ணப்பத்தைப் படிச்சவங்க எத்தனை பேர்?”

“எழுதினவ நான். வாங்கினவர் ட்ரெவர் ஆஷ்க்ராஃப்ட். ஒட்டாவாவுல திட்ட அதிகாரி. வேற யாரும் கிடையாது.”

பிரைடு இணைப்பைத் திருப்பி அடிவரியில் விரலை வைத்தார். நேற்றைய தேதியிட்ட முத்திரை. அதன் கீழே பொடி எழுத்தில்: ‘பதிவேட்டுப் பொறுப்பு: ட்ரெவர் ஆஷ்க்ராஃப்ட். திருத்தும் அதிகாரம் இவருக்கு மட்டும்.’

“அடப்பாவி!” என்றான் லீயாண்டர்.

“அடுத்த மாசம் தணிக்கைன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு. மூணு பேய்க் கம்பெனிக்கும் கையெழுத்துப் போட்டவன் மாட்டிக்குவான். அதுக்குள்ள பழி போட ஒரு தலை வேணும்.”

“ஏன் என் தலை?” என்று கேட்டாள் மார்செல்லா.

“அவருக்கு நீ எத்தனை லெட்டர் போட்டே?”

மார்செல்லா யோசித்தாள். “பதினொண்ணு. ‘இடம் நிரம்பிடுச்சுன்னு சொல்றீங்களே, யாரால நிரம்புச்சு’ன்னு கேட்டு.”

“அதான் கண்ணு.”

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டாள். பிரைடு கோபப்பட்டால் கத்தமாட்டார், குரல் இறங்கிவிடும். இப்போது ஒரு தாளை எடுத்து மூன்று வரி எழுதினார். நேரம் போட்டார். உறையில் போட்டு ஒட்டினார். ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டார்.

“விசாரணை நடத்தற லாவோய் அம்மா கையில நேரா குடு, லீயாண்டர். கூட்டத்துல நான் சொல்ற வரைக்கும் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லு. வேற யார் கையிலயும் போகக் கூடாது.”

“உள்ளே என்ன?”

“காகிதம்.”

“எட்டு வருஷ விசுவாசத்துக்கு இதுதான் மரியாதையா?” என்று முணுமுணுத்துக்கொண்டே லீயாண்டர் படியிறங்கினான்.

*

அரசுக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் லாவோய் அம்மாள் உறையை வாங்கிக்கொண்டார். வெள்ளி முடி. சிரிப்பே இல்லாத வாய். உறையைத் திருப்பிப் பார்த்தார், கேள்வி கேட்கவில்லை, கைப்பைக்குள் வைத்துப் பூட்டினார். லீயாண்டருக்கு அந்த அம்மாளைப் பிடித்துவிட்டது.

திரும்பும்போது தாழ்வாரத்தில் ஒருவர் வழியை மறித்தார். மழமழவென்று மழித்த முகம். இந்த ஊர் மழைக்கு ஒரு மணி நேரம்கூடத் தாங்காத பளபளப்பு ஷூ.

“நீங்க மிஸ் டிஸார்டோட ஆளா? நான் ஆஷ்க்ராஃப்ட்.” கையை நீட்டினார். “எனக்கு இதுல ரொம்ப வருத்தம், நம்புங்க. திறமையான பொண்ணு. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கில்லையா?”

“இருக்குன்னுதான் கேள்விப்பட்டேன் சார். நேர்ல பார்த்ததில்ல.”

ஆஷ்க்ராஃப்ட் சிரித்தார். “பேசியிருந்தா விசாரணையே தேவைப்பட்டிருக்காது. விண்ணப்பத்தைப் பத்தி விளக்கம் கேட்கலாம்னு நானே கூப்பிட்டேனே! ஆகஸ்ட் ஏழாம் தேதி, வியாழக்கிழமை. முழு வேலை நாள். மூணு தடவ அடிச்சேன். நாலு பேர்ல ஒருத்தர்கூட எடுக்கல. தப்பு பண்ணாதவங்க ஏன் போனை எடுக்காம இருக்கணும், சொல்லுங்க?”

லீயாண்டருக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அன்றைக்கு ஊரே ஏரிக்கரையில் நின்றது, செத்தவர்களைத் தவிர ஒருத்தரும் போனை எடுத்திருக்க மாட்டார்கள் என்று கத்தலாம் போலிருந்தது. கத்தவில்லை. துருப்புச் சீட்டை மத்தியானம் வரைக்கும் பொத்தி வைக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, “கேட்டுச் சொல்றேன் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு மழையில் ஓடினான்.

மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறும்போதே பிரைடின் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“...ஆமாம் ஆஷ்க்ராஃப்ட் சார். அன்னிக்குக் காத்து. போட்டி புதன்கிழமை நடக்கவே இல்ல. தள்ளிப் போட்டுட்டாங்க. மத்தியானம் நீங்க எல்லார் முன்னாடியும் தப்பாச் சொல்லிடக் கூடாதேன்னுதான் கூப்பிட்டேன். பரவாயில்ல சார். வச்சிடறேன்.”

வைத்தார்.

லீயாண்டர் வாசலிலேயே நின்றான். காதை நம்ப முடியவில்லை.

“சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன்.”

“அந்த ஆள்கிட்டயே சொல்லிட்டீங்களா?”

“அவருக்குத்தானே தெரியணும்.”

“ஸ்கிப்பர், நம்ம கையில இருந்தது ஒரே ஒரு சீட்டு! அதைத் தூக்கி எதிராளி மடியில போட்டுட்டீங்களே! பதிவேடு அந்த ஆள் கையில இருக்கு. இன்னேரம் உட்கார்ந்து மாத்தியிருப்பான். மத்தியானம் போய் எதைக் காட்டுவீங்க? இந்தச் சிப்ஸ் பொட்டலத்தையா?” அவன் குரல் உயர்ந்துகொண்டே போனது. “அந்தப் பொண்ணு மூணு வருஷம் அலைஞ்சிருக்கு. எங்க அண்ணன் டிசம்பர்ல கடலுக்குப் போறான். உங்களுக்கு வயசாயிடுச்சுன்னா வீட்டுல இருக்க வேண்டியதுதானே!”

சொன்ன பிறகு அவனுக்கே சுருக்கென்றது. ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அவ்வளவு கோபம்.

பிரைடு தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். கோட்டை எடுத்து மாட்டினார்.

“சிப்ஸ் சாப்பிட்டியா?”

“எனக்கு வேணாம்.”

“சரி, பசியோட வா. கோபமா இருக்கறவன் பக்கத்துல உட்கார்ந்தா எனக்கும் நல்லது” என்றார்.

*

விசாரணை அறையில் நீள மேஜை. தலைப்பக்கத்தில் லாவோய் அம்மாள். ஒரு பக்கம் ஆஷ்க்ராஃப்ட், மறுபக்கம் மார்செல்லா, பிரைடு, லீயாண்டர். மூலையில் பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்ய உள்ளூர்ப் பெண் ஒருத்தி. பெயர் ரோஸ் ஹைன்ஸ் என்று மார்பில் அட்டை தொங்கியது.

ஆஷ்க்ராஃப்ட் முதலில் எழுந்தார்.

“மேடம், தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு சின்னத் திருத்தம். நேத்து அனுப்பின பதிவேட்டு நகலில் ஒரு தேதி இடம் மாறி விழுந்திருக்கு. எங்க கணினி ஒட்டாவா நேரத்துல ஓடுது. இந்த ஊர் நேரம் ஒன்றரை மணி முன்னாடி போகுது. அதனால வந்த குழப்பம்.”

சொன்னேனே, மாற்றிவிட்டான் என்று லீயாண்டர் பிரைடைப் பார்த்தான். பிரைடு தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஷ்க்ராஃப்ட் புதிய நகலை மேஜையில் தள்ளினார். “சரியான பதிவு இதுதான். நானே எடுத்து, நானே சான்று போட்டிருக்கேன். குற்றச்சாட்டு இதனால இன்னும் உறுதியாகுது. இந்த வருஷம் ரெகாட்டா போட்டி காத்தால தள்ளிப் போயிருக்கு. அது ஒட்டாவாவுல யாருக்கும் தெரியாது. ஆனா மூணு கம்பெனியும் மிகச் சரியா, போட்டி நடந்த அதே நாள்லதான் வேலை செய்யாம இருந்திருக்கு. இந்த ஊர்க்காரங்களைத் தவிர வேற யாரால அது முடியும்?”

“எந்த நாள்?” என்று கேட்டார் லாவோய் அம்மாள்.

“ஆகஸ்ட் எட்டு. வெள்ளிக்கிழமை.”

மூலையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

“வெள்ளிக்கிழமையா?” என்றாள் ரோஸ் ஹைன்ஸ். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். “மன்னிச்சிடுங்க மேடம். தானா வந்துடுச்சு.”

லீயாண்டர் விருட்டென்று நிமிர்ந்தான். வெள்ளியா? வியாழன்தானே? இவனுக்கு யார் வெள்ளி என்று சொன்னது? திரும்பினான். பிரைடு இன்னும் நகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் வாயோரம் மட்டும் லேசாகக் கோணியிருந்தது. எட்டு வருடத்தில் அவன் அந்தக் கோணலை நாலே முறைதான் பார்த்திருக்கிறான்.

பிரைடு எழுந்தார். “ஆஷ்க்ராஃப்ட் சார், போட்டி வெள்ளிக்கிழமை நடந்துச்சுன்னு உங்களுக்கு யார் சொன்னா?”

“இது ஊரறிஞ்ச விஷயம்.”

“ஊரை இப்பவே கேட்டுடலாமே. ரோஸ் கண்ணு, போட்டி என்னிக்கு?”

ரோஸ் லாவோய் அம்மாளைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

“வியாழக்கிழமை மேடம். ஏழாம் தேதி. வெள்ளிக்கிழமை நான் இதே நாற்காலியிலதான் இருந்தேன். முதுகெல்லாம் வெயில்ல கருகிப்போய்.”

“மேடம்” என்றார் பிரைடு, “காலைல குடுத்த உறையை இப்பப் பிரிக்கலாம்.”

லாவோய் அம்மாள் கைப்பையைத் திறந்து உறையை எடுத்தார். ஒட்டிய இடத்தைப் பார்த்தார், கிழித்தார். உரக்கப் படித்தார்.

“‘நேரம் காலை 10.20. ரெகாட்டா போட்டி நடந்தது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை நடந்ததாக இன்று திரு. ஆஷ்க்ராஃப்டிடம் மட்டும் நான் ஒரு பொய் சொல்லப் போகிறேன். மத்தியானத்துக்குள் பதிவேட்டில் மூன்று கம்பெனிகளும் வெள்ளிக்கிழமை ஓய்வெடுத்ததாக மாறினால், மாற்றிய கை யாருடையது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பிரைடு கவனா.’”

லாவோய் அம்மாள் தாளை மேஜை நடுவே வைத்தார்.

“இது அநியாயம்!” ஆஷ்க்ராஃப்ட் குதித்து எழுந்தார். பளபளப்பு ஷூ நாற்காலிக் காலில் இடறியது. “மேடம், இந்தம்மா வேணும்னே தப்பான தேதியைச் சொல்லி என்னை ஏமாத்தியிருக்காங்க!”

“ஏமாத்தினேன்” என்றார் பிரைடு. குரல் தரையோடு தரையாக இறங்கியிருந்தது. “உங்களைத்தான் ஏமாத்தினேன். உங்க பதிவேடு ஏன் சார் ஏமாந்துச்சு? ஆகஸ்ட்ல எழுதி முடிச்ச பதிவேட்டுக்கு இன்னிக்குக் காலைல நான் போன்ல சொன்ன பொய் எப்படித் தெரிஞ்சுது?”

லாவோய் அம்மாள் நேற்றைய நகலையும் இன்றைய நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் அதே கையெழுத்து.

“ஒன்றரை மணி நேர வித்தியாசம் ரெண்டு நாளாகுமா மிஸ்டர் ஆஷ்க்ராஃப்ட்?” என்றார்.

“நீங்க ஒரு தடவ தேடிப் பார்த்திருந்தா ரெண்டு நிமிஷத்துல என் பொய் வெளிய வந்திருக்கும்” என்றார் பிரைடு. “அதுக்குப் பயந்துக்கிட்டுத்தான் காலைல இருந்து உட்கார்ந்திருந்தேன். ஆனா எனக்கு ஒரு நம்பிக்கை. மூணு வருஷமா இந்த ஊர்ல இருந்து வந்த எதையும் நீங்க சரிபார்த்ததே இல்ல. எங்க லெட்டரைப் பார்க்கல, எங்க காத்தைப் பார்க்கல. இன்னிக்கு மட்டும் பார்த்துடவா போறீங்க?”

இந்த இடத்திலிருந்து ஆஷ்க்ராஃப்டுக்கு ‘அவர்’ என்ற மரியாதை கிடையாது. அவன் சுருங்கிப்போய் உட்கார்ந்தான். சட்டைக் காலரைத் தளர்த்தினான். தண்ணீர் கேட்டான். யாரும் எழுந்து கொடுக்கவில்லை. பாதுகாவலர் வந்து நின்றபோது அவன் ரோஸைப் பார்த்து, “தேதியை அவங்க தப்பாச் சொன்னாங்கன்னும் போட்டுக்குங்க” என்றான். பாருங்கள் கொழுப்பை!

“அடுத்த தடவ காத்தைக் கேட்டுட்டு எழுதுங்க சார்” என்றான் லீயாண்டர்.

அவனுக்குப் பின்னால் கதவு மூடியது. லாவோய் அம்மாள் காகிதங்களை அடுக்கினார். “மிஸ் டிஸார்ட், உங்க மேல உள்ள குற்றச்சாட்டை ரத்து செய்யறேன். அரசின் சார்பா வருத்தம் தெரிவிச்சுக்கறேன்.”

“என் கணினி நேரம் எப்போ திரும்ப வரும்?” என்றாள் மார்செல்லா.

“முடக்கின கணக்கைத் திறக்க ஒரு நடைமுறை இருக்கு. அதிகபட்சம் தொண்ணூறு நாள்.”

“தொண்ணூறு நாளா!”

மேஜை அதிர்ந்தது. அடித்தது பிரைடோ லீயாண்டரோ இல்லை. மார்செல்லா.

“இன்னிக்கு செப்டம்பர் பதினாறு. தொண்ணூறு நாள்னா டிசம்பர் பாதி. அதுக்கப்புறம் அஞ்சு வாரம் ஓடணும். ஜனவரி முடிஞ்சுரும். அதுக்குள்ள எத்தனை தடவ பனி ஏறும்னு உங்க நடைமுறைக்குத் தெரியுமா? முடக்கறதுக்கு எத்தனை நாள் ஆச்சு? ஒரே நாள். ஒரே ஆள். ஒரே கையெழுத்து! திறக்கறதுக்கு மட்டும் தொண்ணூறா?”

“எனக்குப் புரியுது. ஆனா விதி...”

மார்செல்லா பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்தாள். உரக்கப் படித்தாள். “எலன் மே. ஆளுங்க நாலு பேர். நார்தர்ன் ஹோப். அஞ்சு பேர். த்ரீ பிரதர்ஸ். மூணு பேர், நிஜமாவே மூணு அண்ணன் தம்பிங்க. பேட்ரிக் அண்ட் ஆன். நாலு பேர்...”

லாவோய் அம்மாள் குறுக்கிடவில்லை. ரோஸ் ஒவ்வொரு படகின் பெயராகத் தட்டிக்கொண்டே வந்தாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு.

“ஸ்டெல்லா வோக்கி. அஞ்சு பேர்.”

அது லீயாண்டரின் அம்மா பெயர். அண்ணன் அந்தப் பெயரைத்தான் படகுக்கு வைத்திருந்தான்.

லாவோய் அம்மாள் பேனாவின் மூடியைத் திறந்தார்.

“ஒரு கையெழுத்தால முடக்கினதை ஒரு கையெழுத்தால திறக்கக் கூடாதுன்னு எந்த விதியிலயும் நான் படிச்சதில்ல” என்றார். “அந்த மூணு கம்பெனி பேர்ல மிச்சம் கிடக்கற நேரமும் இவங்களுக்கே. இப்பவே. என்னைக் கேள்வி கேட்கறவங்க கேட்கட்டும்.”

கையெழுத்து விழுந்தது. மார்செல்லா நன்றி சொல்லவில்லை. காகிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, மீதி மூன்று பேருக்கும் போன் அடித்தபடியே வாசலுக்கு ஓடினாள். “ஆரம்பிங்க! கேள்வி கேட்காம ஆரம்பிங்கடா!” என்று தாழ்வாரத்தில் அவள் கத்துவது கேட்டது.

லீயாண்டர் பிரைடின் கோட்டை எடுத்துப் பிடித்தான். “ஸ்கிப்பர், காலைல நான் வயசைப் பத்தி ஒண்ணு சொன்னேன்...”

“சொன்னே. சிப்ஸ் உன் செலவு.”

பிரைடு கோட்டுக்குள் கையை நுழைக்கவில்லை. லாவோய் அம்மாளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“மேடம், எனக்கு ஒரு பட்டியல் வேணும்.”

“என்ன பட்டியல்?”

“மூணு வருஷமா ‘இடம் நிரம்பிவிட்டது’ன்னு பதில் வாங்கினவங்க எத்தனை பேர்?”

லாவோய் அம்மாள் கோப்பைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. சொல்லப் பிடிக்காதவர்போல மெதுவாகச் சொன்னார். “இருநூத்துப் பதினாறு. பாதிப்பேர் இப்போ கம்பெனியே நடத்தலை. மூடிட்டாங்க.”

“அவங்க பேரும் போன் நம்பரும் வேணும்.”

“எதுக்கு? கேஸ்தான் முடிஞ்சு போச்சே.”

“ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிச் சொல்லணும்” என்றார் பிரைடு கவனா. “இடம் இருந்துச்சுன்னு.”